நெரிசலில் தேடும் கைப்பேசிகள்: பொது வைஃபையும் அலைநேரச் சிக்கனமும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

இந்திய ரயில் நிலையங்களில் பொதுமக்களுக்கு வைஃபை வசதி அளிக்கும் திட்டம் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் தொடங்கிற்று. ரயில்வே அமைச்சகத்தின் பொதுத்துறை நிறுவனமான ரெயில்டெல், கூகுள் நிறுவனத்துடன் இணைந்து நடத்திய இத்திட்டம், 2018 ஜூனில் அஸ்ஸாம் மாநிலத்துத் திப்ருகர் நிலையத்துடன் 400 நிலையங்கள் என்ற இலக்கை எட்டிற்று. 2020இல் கூகுள் தன் பங்கை முடித்துக்கொள்வதாக அறிவித்த பின்னரும் ரெயில்டெல் பணியைத் தொடர்ந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களுக்கு இவ்வசதி பரவியது. உலகின் மிகப் பெரிய பொது வைஃபை அமைப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இவ்வசதியின் பயனை எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிட இயலாது. கேரள மாநில ரயில் நிலையம் ஒன்றில் சுமை தூக்கும் தொழிலாளர் ஒருவர், நிலையத்து வைஃபையின் துணையால் பாடங்களைக் கேட்டுப் பயின்று, அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்ற செய்தி 2018இல் நாடெங்கும் பேசப்பட்டது. நூலகத்துக்கோ பயிற்சி நிலையத்துக்கோ செல்ல வசதியற்றவருக்கு ரயில் நிலையத்தின் நடைமேடையே கல்விக்கூடமாயிற்று. பொதுப் பணத்தில் அமைக்கப்படும் ஒரு வசதி இதைவிடச் சிறந்த பயனை அளிக்க இயலாது.

எனினும், இவ்வசதி தேவைப்படும் நேரத்திலேயே அது தளர்ந்துவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். நண்பகலில், நடைமேடை வெறிச்சோடிக் கிடக்கும்போது, படங்களும் பாடங்களும் தடையின்றி வந்து சேர்கின்றன. மாலை ஆறு மணிக்கு, புறநகர் வண்டிகளின் கூட்டம் நிரம்பும்போது, ஒரு சாதாரணப் பக்கம் திறப்பதற்கே நிமிடக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. கண்ணாடி இழைக் கம்பி வழியாக நிலையத்துக்கு வந்து சேரும் இணைப்போ குறைவின்றி இருக்கிறது. குறை எங்கே நேர்கிறது?

"பயன்படுத்துவோர் பெருகிவிட்டனர்" என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அது பாதி உண்மையே. பயன்படுத்தாதோரும் நெரிசலுக்குக் காரணமாகின்றனர் என்பது மறுபாதி. சட்டைப் பையில் உறங்குவதாகத் தோன்றும் கைப்பேசி உண்மையில் உறங்குவதில்லை. அருகில் எந்த வைஃபை இருக்கிறது என்று அது இடையிடையே குரல் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அக்கேள்விக்கும், அதற்குக் கிடைக்கும் விடைகளுக்கும் ஆகும் செலவே இவ்வுரையின் பொருள்.

அலைக்கற்றை என்னும் பொதுவளம்

வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை எவருக்கும் தனியுடைமையன்று. அமெரிக்காவில் 1985இல் இத்தகைய பட்டைகள் உரிமமின்றித் தகவல் தொடர்புக்குப் பயன்படத் திறந்துவிடப்பட்டன. வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தொழில்நுட்ப நெறி 1997இல் வெளியாயிற்று. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் பெறத் தேவையில்லை என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில் வெளியிடப்பட்டது. கைப்பேசி நிறுவனங்கள் பெரும் தொகை செலுத்தி ஏலத்தில் பெறும் அலைக்கற்றைக்கு நேர்மாறாக, இது விலையில்லாமல் கிடைக்கும் வளமாகும்.

விலையில்லை என்பதால் அது எல்லையற்றது என்று கொள்ளலாகாது. இப்பட்டையின் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. இதில் எண்ணிடப்பட்ட தடங்கள் 13 இருப்பினும், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரே சமயத்தில் பயன்படக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே பேச இயலும். இரண்டு கருவிகள் சேர்ந்து பேசினால் இரண்டின் செய்தியும் சிதைந்துபோகும். ஆதலால் ஒவ்வொரு கருவியும் முதலில் செவிசாய்த்து, தடம் ஓய்ந்திருப்பதை உறுதி செய்து, சிறிது நேரம் காத்திருந்து, பிறகே பேசுகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 1971இல் இயக்கிய அலோகா என்னும் கம்பியில்லா வலையமைப்பில் செவிசாய்க்கும் ஏற்பாடு இல்லை. அத்தகைய முறையில், செய்திகள் மோதிக் கெடுவதால், தடத்தின் கொள்திறனில் அதிகபட்சம் 18 சதவீதமே பயன்தரும் என்பது கணக்கிட்டு அறியப்பட்டது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே இன்றைய வைஃபையின் காத்திருக்கும் ஒழுங்கு.

ஆகவே, வைஃபையில் பங்கிடப்படும் உண்மையான பண்டம் வேகமன்று, நேரமே. ஒரு வினாடிக்குள் இருக்கும் 1,000 மில்லி வினாடிகளைத்தான் அத்தடத்திலுள்ள எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இதனை அலைநேரம் எனக் குறிப்பிடலாம். ஏரிப் பாசனத்தில் மடை திறந்திருக்கும் நேரத்தை வயல்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது போன்றதே இது. ஒருவர் எடுத்துக்கொள்ளும் நேரம் மற்றொருவருக்குக் கிடைக்காத நேரமாகும்.

தேடுதல் நிகழும் முறை

கைப்பேசி ஒன்று வைஃபையைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது வழி, பேசாமல் கேட்டிருப்பது. 'அக்சஸ் பாயிண்ட்' எனப்படும் அணுகுமுனை ஒவ்வொன்றும் தன் வலையமைப்பின் பெயரையும் விவரங்களையும் தாங்கிய அறிவிப்புச் செய்தியை வழக்கமாக 102.4 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 10 தடவை, ஒலிபரப்புகிறது. கைப்பேசி ஒவ்வொரு தடத்திலும் சற்றுக் கூடுதலாக நூறு மில்லி வினாடி தங்கிச் செவிசாய்த்தால் எல்லா அறிவிப்புகளையும் கேட்டுவிடலாம். 13 தடங்களையும் சுற்றிவர ஒன்றரை வினாடிக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, தானே குரல் கொடுப்பது. 'இங்கு யார் இருக்கிறீர்கள்?' என்ற பொருள்படும் தேடல் வினாவைக் கைப்பேசி ஒரு தடத்தில் அனுப்புகிறது. அதைக் கேட்ட அணுகுமுனைகள் ஒவ்வொன்றும் தத்தம் பெயரைச் சொல்லித் தனித்தனியே விடை அனுப்புகின்றன. கைப்பேசி சில பத்து மில்லி வினாடிகள் மட்டும் அத்தடத்தில் தங்கிவிட்டு அடுத்த தடத்துக்குத் தாவி அதே வினாவை எழுப்புகிறது. இம்முறையில் சுற்று முழுவதும் அரை வினாடி அளவில் முடிகிறது.

இரண்டாவது வழியால் கைப்பேசிக்கு மிச்சமாவது ஏறத்தாழ ஒரு வினாடியும் சிறிதளவு மின்கலச் சக்தியுமே. அந்த மிச்சத்துக்கான விலையைச் செலுத்துவோர், அதே தடத்தில் காத்திருக்கும் ஏனையோர். தனியொருவரின் ஆதாயத்துக்கான செலவு மற்றவர்மேல் விழுவதைப் பொருளாதாரம் புறவிளைவு என்று கூறும். தொழிற்சாலைப் புகைபோக்கியைக் கொண்டு பாடநூல்கள் விளக்கும் இக்கருத்துக்கு, நடைமேடையில் நிற்கும் ஒவ்வொருவரின் சட்டைப்பையும் இன்று ஓர் எடுத்துக்காட்டாகியுள்ளது.

இங்கே இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. அணுகுமுனைகள் இந்த அறிவிப்புகளையும் விடைகளையும் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்திலேயே அனுப்புகின்றன. முன்பின் அறியாத கருவிக்கும், தொலைவிலிருக்கும் கருவிக்கும், பழைய கருவிக்கும் அது புரிய வேண்டும் என்பதே காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அந்த வேகம் வினாடிக்கு 1 மெகாபிட். பாடம் கேட்கும் மாணவருக்குச் செய்தி செல்லும் வேகம் இதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அளவில் சிறியதான விடைச் செய்தி, அதைவிடப் பல மடங்கு பெரியதான பாடச் செய்திக்குத் தேவைப்படும் அலைநேரத்தை விழுங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் மாட்டுவண்டி அடைத்துக்கொள்வது இடத்தைவிட நேரத்தையே.

ஒரு மாதிரிக் கணக்கு

இச்செலவு எவ்வளவு என்பதை மாதிரிக் கணக்கு ஒன்றின் மூலம் மதிப்பிடலாம். எண்ணிக்கைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. கணக்கிடும் முறை பொதுவானது.

ஒரு நடைமேடையில் 1,000 கைப்பேசிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை தேடுவதாகவும் கொள்வோம். அப்படியாயின் ஒரு தடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 17 தேடல் வினாக்கள் எழும். 100 பைட் அளவுள்ள வினா ஒன்று, 1 மெகாபிட் வேகத்தில், ஏறக்குறைய 1 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். வினாக்களுக்கு மட்டும் ஆகும் செலவு வினாடிக்கு 17 மில்லி வினாடி. இது பொருட்படுத்தத்தக்கதன்று.

இனி விடைகளைப் பார்க்க வேண்டும். அத்தடத்தில் 3 அணுகுமுனைகள் கேட்கும் தூரத்தில் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் பயணிகளுக்கு ஒன்று, ஊழியர்களுக்கு ஒன்று, கண்காணிப்புக் கருவிகளுக்கு ஒன்று, கடைகளுக்கு ஒன்று என 4 வலைப்பெயர்களைத் தாங்கி நிற்பதாகவும் கொள்வோம். ஒரு வினாவுக்கு 12 விடைகள் புறப்படும். 300 பைட் அளவுள்ள விடை ஒன்றுக்கு ஏறத்தாழ 2.6 மில்லி வினாடி ஆகும். 12 விடைகளுக்கு 31 மில்லி வினாடி; 17 வினாக்களுக்கு ஏறத்தாழ 530 மில்லி வினாடி. அதாவது, தடத்தின் பாதிக்கு மேற்பட்ட நேரம் விடை சொல்வதிலேயே கழிகிறது.

இத்துடன், கேட்போர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலித்துக்கொண்டிருக்கும் அறிவிப்புச் செய்திகளும் உண்டு. 250 பைட் அளவுள்ள அறிவிப்பு ஒன்றுக்கு 2.2 மில்லி வினாடி என்றும், வினாடிக்கு 10 தடவை என்றும் கணக்கிட்டால், 12 பெயர்களுக்கு 264 மில்லி வினாடி ஆகிறது.

மூன்றையும் கூட்டினால் 811 மில்லி வினாடி. ஒரு பைட் அளவுகூடப் பாடமோ செய்தியோ பயணச்சீட்டோ எவருக்கும் போய்ச் சேர்வதற்கு முன்னரே தடத்தின் நேரத்தில் 81 சதவீதம் செலவாகிவிடுகிறது. மீதமுள்ள 19 சதவீதத்தையே உண்மைப் பயனாளிகள் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். செய்திகளுக்கிடையே கருவிகள் காத்திருக்கும் நேரம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. மறுபுறம், தடம் முற்றிலும் நிரம்பிய நிலையில் எல்லா விடைகளும் உரிய நேரத்தில் புறப்படுவதும் இல்லை. ஆயினும் செலவின் அளவு எத்தகையது என்பதை இக்கணக்கு தெளிவாக்குகிறது.

நெரிசலே நெரிசலைப் பெருக்குதல்

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. வினா எழுப்பிய கைப்பேசி சில பத்து மில்லி வினாடிகளில் வேறு தடத்துக்குத் தாவிவிடுகிறது. பன்னிரண்டாவது விடை புறப்படும் நேரத்தில் கேட்டவர் அங்கே இருப்பதில்லை. விடை பெற்றதற்கான ஒப்புகை வராததால், அணுகுமுனை அதே விடையை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. முகவரி மாறிச் சென்றவருக்கு அஞ்சலகம் அதே கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் செல்வது போன்றதே இது.

இணைப்பு நலிவுறும்போது கைப்பேசிகள் மேலும் நல்ல அணுகுமுனையை நாடி மேலும் தேடுகின்றன. தேடல் பெருகினால் இணைப்பு மேலும் நலிகிறது. 2005 மார்ச்சில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இணையத் தொழில்நுட்ப வல்லுநர்களின் 62ஆவது மாநாடு நடைபெற்றபோது, அங்கிருந்த வைஃபை செய்திகளைப் பதிவு செய்து ஆராய்ந்தனர். தடத்தின் பயன்பாடு 84 சதவீதத்தைத் தாண்டிய நிலையைக் கடும் நெரிசல் என்று அவ்வாய்வு வரையறுத்தது. மோதலால் கெட்ட செய்திகளை அலையின் பலவீனம் எனக் கருதிக் கருவிகள் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், வேகம் குறைந்த செய்திகள் கூடுதல் நேரத்தை எடுத்துக்கொள்வதால் தடத்தின் மொத்தப் பயன் மேலும் சரிவதும் அதில் புலனாயின. வல்லுநர்கள் கூடிய மண்டபத்திலேயே இந்நிலை என்றால், பண்டிகைக் காலத்து ரயில் நிலையத்தின் நிலையை ஊகித்தறியலாம்.

தனிநபர்கள் தம் கைப்பேசியையே வைஃபை நிலையமாக்கிக்கொள்ளும் வழக்கமும் கவனத்துக்குரியது. 2010 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய கைப்பேசியை மேடையில் இயக்கிக் காட்ட முற்பட்டபோது இணைப்புக் கிடைக்காமல் தடுமாற நேர்ந்தது. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் இயங்குவதாகக் கூறி, பார்வையாளர்கள் தத்தம் கருவிகளை நிறுத்திவைக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். பணமும் தொழில்நுட்பமும் குறைவற்ற நிறுவனத்துக்கும் அந்த அரங்கின் அலைநேரத்தை விலைக்கு வாங்க இயலவில்லை. அரங்கிலிருந்தோரின் ஒத்துழைப்பைக் கேட்டுப் பெறவே வேண்டியிருந்தது.

கருவிகளைக் கூட்டுவது தீர்வாகுமா?

பொது வைஃபை நலிவுறுகிறது என்ற புகார் எழுந்தவுடன், மேலும் அணுகுமுனைகளை வாங்கிப் பொருத்துவது நிர்வாகத்தின் இயல்பான நடவடிக்கை. கொள்முதல் செய்வது எளிது. செலவுக் கணக்கிலும் முன்னேற்ற அறிக்கையிலும் அது கண்ணுக்குத் தெரியும். மேற்கண்ட கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. அதே தடத்தில் அதே நான்கு பெயர்களுடன் நான்காவது அணுகுமுனை ஒன்றைப் பொருத்தினால், ஒவ்வொரு வினாவுக்கும் விடைகள் 12இலிருந்து 16ஆகும்; அறிவிப்புகளும் அவ்விகிதத்தில் பெருகும். தேவைப்படும் நேரம் வினாடியின் எல்லையையே கடந்துவிடும். பொதுப் பணம் செலவாகும், வசதி குறையும்.

அதே நிலையத்தில் பணம் ஏதும் செலவழிக்காமல் இரண்டு மாற்றங்களைச் செய்து பார்க்கலாம். முதலாவதாக, 4 வலைப்பெயர்களை 1ஆகக் குறைத்தால் 811 மில்லி வினாடி என்பது 216ஆகக் குறைகிறது. ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு பயனாளிகளை அவர்தம் அடையாளத்தைக் கொண்டு பிரித்து நடத்தும் ஏற்பாடு இன்று உண்டு. இரண்டாவதாக, அறிவிப்பும் விடையும் செல்லும் குறைந்த வேகத்தை 1 மெகாபிட்டிலிருந்து 6 மெகாபிட்டாக உயர்த்தினால், செலவு 50 மில்லி வினாடிக்கும் கீழே வந்துவிடுகிறது. 81 சதவீதம் 5 சதவீதமாகிறது. இதற்கு வேண்டுவது புதிய கருவியன்று. அமைப்பு மேலாளரின் சில மணி நேர உழைப்பும் அதைக் கோரும் நிர்வாகத்தின் தெளிவுமே.

குறைந்த வேகத்தை உயர்த்துவதில் ஓர் இழப்பும் உண்டு. ஒவ்வொரு அணுகுமுனையும் எட்டும் தூரம் சுருங்கும். 2003இல் வெளியான 802.11ஜி நெறிக்கு முற்பட்ட மிகப் பழைய கருவிகள் இணைய இயலாமற்போகும். அத்தகைய கருவிகள் இன்று பயணிகளின் கையில் காண்பதற்கரியன. எட்டும் தூரம் சுருங்குவதோ நெரிசலான இடத்தில் குறையன்று. ஒவ்வொரு அணுகுமுனையும் தன் அருகிலுள்ளோருக்கு மட்டும் பணியாற்றுவதே அங்கு வேண்டப்படுவது.

பொதுவளத்தின் ஆட்சிமுறை

இங்கே பொருளாதாரச் சிந்தனையின் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வரும். எவருக்கும் திறந்துவிடப்பட்ட மேய்ச்சல் நிலம், ஒவ்வொருவரும் தம் நலம் நாடி இன்னுமொரு மாட்டைச் சேர்ப்பதால் அழிந்துபோகும் என்று காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். அவர் கூறிய முடிவு தவிர்க்க முடியாததன்று என்பதை எலினார் ஆஸ்ட்ரம் தமது ஆய்வுகளால் நிறுவினார். பாசனக் கால்வாய்களையும் மீன்வளங்களையும் காடுகளையும் பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்து, கண்காணித்து, தலைமுறைகளாகக் காத்துவந்துள்ளதை அவர் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். உரிமமற்ற அலைக்கற்றைக்கும் இப்பாடம் பொருந்தும். உரிமம் வேண்டாம் என்று விடுவது ஆட்சிமுறையின் தொடக்கமே. விதியே வேண்டாம் என்பது அதன் பொருளன்று.

இத்தகைய விதிகள் தொழில்நுட்ப நெறிகளிலேயே வளர்ந்துவருகின்றன. அண்டையிலுள்ள அணுகுமுனைகளின் விவரத்தை இணைப்பிலுள்ள கைப்பேசிக்கு வலையமைப்பே தெரிவித்துவிடும் முறை 2008இல் வெளியான 802.11கே நெறியில் வந்தது. வழி தெரிந்தவர் தெருத்தெருவாக விசாரிக்க வேண்டியதில்லை அல்லவா? நெரிசலில் தேடல் விடைகளைக் குறைத்து விரைவாக இணைவதற்கான வழிகள் 2016இல் வெளியான 802.11ஏஐ நெறியில் இடம்பெற்றன. புதிதாகத் திறக்கப்பட்டுவரும் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இது மேலும் கண்டிப்பாக உள்ளது. அப்பட்டை முழுவதும் திறக்கப்பட்டுள்ள நாடுகளில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 59 தடங்கள் உண்டு. தேடலுக்கு முதன்மையாக ஒதுக்கப்பட்டவை 15 தடங்களே. எந்தத் தடத்தில் எந்த நிலையம் உள்ளது என்ற செய்தியைப் பழைய பட்டைகளின் அறிவிப்பிலேயே சேர்த்துச் சொல்லிவிடுவதால், கண்டபடி குரல் கொடுக்கும் தேவை குறைகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பெற்ற அனுபவம் அடுத்த பட்டையின் சட்டமாயிற்று.

பயன் யாருக்கு என்ற கேள்வி

விசாலமான புதிய பட்டைகள் வரும்போது பழைய பட்டையின் நெரிசலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கப்படலாம். 2018 அக்டோபரில் இந்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமத் தேவையை நீக்கியது. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியிடப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் பல. அங்கு மிகக் குறைந்த வேகமே 6 மெகாபிட். எனவே இயலும் கருவிகளை அங்கு அனுப்பிவிடுவது நெரிசலைத் தணிக்கும் சிறந்த வழி.

ஆனால் இப்பட்டைகளைப் பயன்படுத்த அதற்கேற்ற கைப்பேசி வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உண்டு. நிலையத்து வைஃபையை மிகுதியாக நம்பியிருப்போர் அத்தகைய கைப்பேசிகளை வைத்திருப்போரே. விலையுயர்ந்த கருவியை உடையவர் நெரிசல் கண்டு விலகிச் செல்லலாம். மற்றவருக்குச் செல்லுமிடம் இல்லை. ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைச் சீராக வைத்திருப்பது ஒரு சமுதாயக் கடமையாகும்.

2021 மார்ச்சில் 4,000 நிலையங்களில் முன்கட்டண முறை கொண்டுவரப்பட்டபோது, நாளொன்றுக்கு முதல் 30 நிமிடம், 1 மெகாபிட் வேகத்தில் இலவசம் என அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் கடிகாரம் அளப்பது நிமிடங்களை. பெற்றுக்கொண்ட பாடங்களை அன்று. நெரிசலில் வீணாகும் அலைநேரம், கட்டணம் செலுத்த இயலாதவரின் இலவச நிமிடங்களிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை நிர்வாகம் உணர வேண்டும்.

அந்தரங்கம் பற்றிய ஒரு குறிப்பு

தேடல் வினாக்களால் வேறொரு தீங்கும் இருந்துவந்தது. முன்பு கைப்பேசிகள் தம் நிலையான அடையாள எண்ணுடனேயே வினா எழுப்பின. தாம் முன்னர் இணைந்த வலையமைப்புகளின் பெயர்களைக் கூவி அழைப்பதும் உண்டு. வீடு, அலுவலகம், தங்கிய விடுதி ஆகியவற்றின் பெயர்களை ஒருவர் தம்மையறியாமலே பொதுவிடத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். லண்டன் மாநகரின் தெருக்களில் நிறுவப்பட்ட குப்பைத் தொட்டிகள் கைப்பேசிகளின் இந்த அடையாளங்களைச் சேகரித்தது 2013இல் வெளிப்பட்டது. எதிர்ப்பு எழவே அது நிறுத்தப்பட்டது. 2014இல் ஆப்பிளும், 2017இல் ஆண்டிராய்டும் தேடலின்போது மாறிவரும் போலி அடையாளத்தைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தன. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியுள்ளது. கூட்டத்தை எண்ணிப் பார்க்க இவ்வினாக்களைப் பயன்படுத்த விரும்பும் அமைப்புகள் இச்சட்டத்தை மனத்திற்கொள்வது அவசியம்.

வலையமைப்பின் பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்புக் கூடும் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் நிலவுகிறது. அது தவறானது. பெயர் மறைக்கப்பட்ட வலையமைப்பைச் சேமித்துவைத்திருக்கும் கைப்பேசி, அது அருகில் உள்ளதா என்று அறிய, போகுமிடமெல்லாம் அதன் பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டியதாகிறது. இதனால் அந்தரங்கமும் கெடுகிறது; அலைநேரமும் வீணாகிறது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, பொது வைஃபைக்கான ஒப்பந்த ஆவணங்கள் அணுகுமுனைகளின் எண்ணிக்கையையும் கண்ணாடி இழையின் வேகத்தையும் மட்டும் குறிப்பிட்டால் போதாது. கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒவ்வொரு தடத்திலும் அலைநேரத்தில் எத்தனை சதவீதம் நிர்வாகச் செய்திகளுக்குப் போகிறது, எத்தனை சதவீதம் பயனாளிகளுக்குக் கிடைக்கிறது என்ற அளவீட்டை நிபந்தனையாக்க வேண்டும். கருவிகளே இக்கணக்கைத் தரவல்லவை. நண்பகலில் எடுக்கப்படும் சோதனைக்குப் பொருளில்லை.

இரண்டாவதாக, ஓர் இடத்தில் ஒலிக்கும் வலைப்பெயர்களுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். புதிய பெயர் ஒன்றைக் கேட்கும் பிரிவு, அதற்கான அலைநேரச் செலவை அறிந்து கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒரே தடத்தில் அருகருகே உள்ள அணுகுமுனைகளின் ஒலிபரப்பு வலிமையைக் குறைப்பதும், தேவைக்கு மேற்பட்டவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியை நிறுத்திவைப்பதும், மிகத் தொலைவிலிருந்து வரும் வினாக்களுக்கு விடையளிக்காமல் விடுவதும் வழக்கமான பராமரிப்புப் பணியின் பகுதியாக வேண்டும்.

நான்காவதாக, 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்கீழ், தேநீர்க் கடைகளும் மளிகைக் கடைகளும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றி வைஃபை சேவை அளிக்கலாம். இது பரவலாக்கத்துக்கு ஏற்ற நல்ல திட்டம். 2018ஆம் ஆண்டுத் தேசியத் தகவல் தொடர்புக் கொள்கை 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை இடங்கள் என்ற இலக்கை வகுத்திருந்ததும் இத்தகைய பரவலை நாடியே. எனினும், ஒரே கடைவீதியில் இருபது கடைகள் இருபது பெயர்களை ஒலிக்கும்போது என்னவாகும் என்பதை மேற்கண்ட கணக்கு உணர்த்தும். கடைக்காரர் இதை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது. பல கடைகளை ஒருங்கிணைக்கும் சேவையாளர்களே தடங்களைப் பிரித்தளித்து, வேகங்களைச் சீராக்கித் தரும் பொறுப்பை ஏற்பது உசிதமாகும்.

ஐந்தாவதாக, பொதுமக்களின் பங்கு. பயன்படுத்தாத வைஃபையை நிறுத்திவைப்பது, இனி இணையப் போவதில்லை என்னும் பழைய வலைப்பெயர்களைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது, கூட்டத்தினிடையே தம் கைப்பேசியை வைஃபை நிலையமாக்கி வைத்திருப்பதைத் தவிர்ப்பது ஆகியன எளிய காரியங்கள். வைஃபையை நிறுத்திய பின்னரும் இருப்பிடத்தை அறிவதற்காகச் சில கைப்பேசிகள் தேடிக்கொண்டே இருக்கும். அதற்கென உள்ள தனி ஏற்பாட்டையும் நிறுத்தலாம். ஆயினும் ஆயிரம் பயணிகளின் நல்லெண்ணத்தை நம்பி ஒரு பொது வசதியை அமைக்கலாகாது. மக்கள் மறந்தாலும் இயங்கும்படி அமைப்பை வகுப்பதே நிர்வாகத்தின் கடமை.

வளர்ச்சித் திட்டங்களின் வரலாற்றில் இப்பாடம் புதியதன்று. அணை கட்டியாயிற்று, கால்வாய் வெட்டியாயிற்று, ஆயினும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற குறையைத் திட்டமிடுவோர் பலமுறை கேட்டுள்ளனர். நாடெங்கும் கண்ணாடி இழை பதிக்கப்பட்ட பின்னரும், நடைமேடைக்கு மேலே உள்ள கடைசி முப்பது மீட்டர் காற்றில் அதே குறை எழுகிறது. அந்த முப்பது மீட்டரை நிர்வகிப்பதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. அளந்து பார்க்கும் பழக்கமும், வீணானதைக் குறைக்கும் உறுதியும் போதும். அவ்வாறு மீட்கப்படும் ஒவ்வொரு மில்லி வினாடியும், வண்டி வருமுன் ஒரு பாடத்தைக் கேட்டு முடிக்க முயலும் எளியவர் ஒருவரைச் சென்றடையும்.